மகளின் ராக்கெட் மூன்று மீட்டர் உயரத்தில் வெடித்தது: தவறு எங்கே?

உட்லண்ட்ஸ்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விவரம் குறைந்தால் பதிலும் குறைந்துவிடுமே என்ற கவலை.

வேலை நிமித்தம் 2022 முதல் 2024 வரை சிங்கப்பூரை விட்டுக் குடும்பத்தோடு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரை ஒட்டி வசித்தோம். மாதிரி ராக்கெட் என்ற பொழுதுபோக்கு என் மகளுக்கு அங்கேதான் பழக்கமானது. அட்டைக் குழல், பால்சா மர இறக்கை, பிளாஸ்டிக் மூக்குக்கூம்பு, கடையில் வாங்கிச் செருகும், மருந்து அடைத்த மோட்டார், அவ்வளவுதான். ஏ, பி, சி என்று சின்ன மோட்டார்களில் தொடங்கினோம். ஓராண்டில் இருபது தடவைக்கு மேல் ஏவியிருப்போம். ஒன்றுகூட வெடித்ததில்லை.

பிறகு அவள் தனியாக ஒரு பெரிய ராக்கெட் கட்டினாள். உடல் கறுப்பு, மூக்கு மஞ்சள். நம் புளோக் கீழே காப்பிக்கடை மேசையில் ஏறி மீந்த சோற்றைக் கொத்தும் மைனாவின் நிறம். பெயரும் 'மைனா' என்றே வைத்தாள். ஒவ்வொரு இறக்கையையும் ஒட்டி ஒரு நாள் காயவிட்டுப் பிறகுதான் அடுத்ததைத் தொட்டாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. அந்த வயதில் எனக்கு அத்தனை பொறுமை இருந்ததில்லை.

2023 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, நகரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு பொட்டல் நிலத்தில், உள்ளூர்க் குழுவினரோடு சேர்ந்து ஏவினோம். மோட்டார் இ வகை, சியைவிட இரண்டு படி பெரியது; உள்ளே கருமருந்து, 24 மில்லிமீட்டர் விட்டம். ஐந்திலிருந்து இறங்குமுகமாக எண்ணி அவளே பொத்தானை அழுத்தினாள். ராக்கெட் தன்னை நேராக நிறுத்தியிருந்த ஏவுகம்பியை விட்டுக் கிளம்பியது. மூன்று மீட்டர்கூட ஏறியிருக்காது, பேரோசையோடு வெடித்தது. மூக்குக்கூம்பு மட்டும் நெருப்புக் கோளம் ஒன்றோடு மேலே போனது. உடல் நேராகத் தரையில் விழுந்து புகைந்தது. பாராசூட் உருகிக் கட்டியாகிவிட்டது. நாங்கள் பன்னிரண்டு மீட்டர் தள்ளி நின்றதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அருகில் நின்ற ஒருவர் அவளிடம், "மோட்டார் தாங்கியைச் சரியாக ஒட்டியிருக்க மாட்டாய், அடுத்த முறை பசையைக் கூட்டிப் போடு" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். அதன்பின் அவள் ராக்கெட் எதுவும் கட்டவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து இதை ஏன் கேட்கிறேன் என்றால், இப்போது அவள் உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். இணைப்பாட நடவடிக்கையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, வானூர்தி மாதிரிகள் செய்யும் குழுவைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். காரணத்தை என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்: "நான் ஒட்டினால் நிற்காது."

ஆகவே என் கேள்வி ஒன்றுதான். அன்று வெடித்ததற்கு அவள் ஒட்டிய விதம் காரணமா? அவளைச் சமாதானப்படுத்தும் பதில் எனக்கு வேண்டாம், அவள் அதைக் கண்டுபிடித்துவிடுவாள். உண்மை எதுவோ அது வேண்டும்.


பொங்கோல் பொறியாளர் எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் படிப்புக்காக நான்கு ஆண்டுகள் அமெரிக்காவில் இருந்தேன். பல்கலைக்கழக ராக்கெட் குழுவில் மோட்டார் பொறுப்பு என்னிடம் இருந்தது. மோட்டார் வெடிப்பதை அங்கே 'காட்டோ' என்பார்கள். நானே ஏழெட்டு பார்த்திருக்கிறேன், அதில் இரண்டு என் கையால் தயார் செய்தவை.

ஊகித்து எழுத விரும்பவில்லை. சில விவரங்கள் கொடுங்கள். காணொளி எடுத்தீர்களா? நெருப்பு எந்தப் பக்கம் போனது, மேலேயா, கீழேயா, பக்கவாட்டிலா? வெடித்த மோட்டாரின் காகித உறை கிடைத்ததா? அதன் அடியில் களிமண் நாசில், அதாவது வாயு வெளியேறும் துளையுள்ள அடைப்பு, இருந்ததா? இறக்கைகள் என்ன ஆயின? மோட்டார் தாங்கி குழலுக்குள் நின்றதா, கழன்றதா? கடைசியாக, இதுதான் முக்கியம்: அந்த மோட்டாரை எப்போது வாங்கினீர்கள், ஏவும் நாள் வரை எங்கே வைத்திருந்தீர்கள்?


ஓய்வுபெற்ற கொதிகலன்காரர் எழுதியது:

தம்பி, உன் மகளுக்கு முதலில் என் வாழ்த்து. இறக்கைக்கு ஒரு நாள் காயவிட்ட பிள்ளையின் கையில் குறை இருக்காது என்று என் மனம் சொல்கிறது. ஆனால் நீ உண்மையைக் கேட்டாய், மனத்தைக் கேட்கவில்லை.

நான் கப்பல் பட்டறையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கொதிகலனும் அழுத்தக் குழாயும் பார்த்தவன். ராக்கெட் எனக்குத் தெரியாது, அழுத்தம் தெரியும். உருளை வடிவப் பாத்திரம் எதுவாக இருந்தாலும், உள்ளே அழுத்தம் ஏறினால் அதன் சுவர் சுற்றுவாக்கில் தாங்க வேண்டிய இழுவிசை, நெடுக்கில் தாங்க வேண்டியதைப் போல் இரண்டு மடங்கு. அதனால்தான் குழாய் வெடித்தால் நெடுக்கே கிழிகிறது. அந்த உறை நெடுக்கே கிழிந்திருக்கிறதா என்று பார். கிழியாமல் முழுதாக இருந்தால், சுவர் தோற்பதற்கு முன்பே ஏதோ ஒரு முனை தோற்று அழுத்தத்தை வெளியே விட்டிருக்கிறது என்று பொருள்.

இன்னொன்றும் சொல்கிறேன். மைசூரில் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் போரில் விட்ட ராக்கெட்டுகளுக்கு இரும்புக் குழல் இருந்தது. இரும்பு கூடுதல் அழுத்தம் தாங்கியதால் ஐரோப்பிய ராக்கெட்டுகளைவிட அவை தொலைவு சென்றன. பிறகு ஆங்கிலேயர்கள் அதைப் பார்த்துத் தங்களுடையதைச் செய்தார்கள். உன் மகள் விட்ட மோட்டாருக்குக் காகித உறை. பலம் குறைவுதான். ஆனால் காகிதம் வெடித்தால் காகிதம்தான் பறக்கும். இரும்பு வெடித்தால் என்ன பறக்கும் என்பதை நான் பட்டறையில் பார்த்திருக்கிறேன். அதை எழுத விரும்பவில்லை. பிள்ளைகள் கையாளும் பொருளுக்குக் காகிதம் என்று தீர்மானித்தவன் யாரோ, அவன் கைக்கு முத்தம் கொடுக்கலாம்.


உட்லண்ட்ஸ்வாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. நேற்றிரவு பழைய கைப்பேசியைத் தேடி எடுத்தேன். காணொளி இருக்கிறது. நொடிக்கு 240 படச்சட்டம் எடுக்கும் மெதுவோட்டக் காணொளி. மகள் தூங்கியபின் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு சட்டமாக நகர்த்திப் பார்த்தேன்.

அசையத் தொடங்கியதிலிருந்து வெடிக்கும் வரை ஏறத்தாழ 100 சட்டங்கள், அரை நொடிக்கும் குறைவு. முதலில் வழக்கமான தீக்கற்றை கீழே வருகிறது. பிறகு ஒரே சட்டத்தில் மூக்குக்கூம்புக்கும் உடலுக்கும் நடுவே வெளிச்சம். அடுத்த சட்டத்தில் கூம்பு தனியே போய்விட்டது, அதன் பின்னால் எரியும் கட்டி ஒன்று மேலே போகிறது. பக்கவாட்டில் நெருப்பு இல்லை.

உறை இப்போது கையில் இல்லை. விமான நிலையச் சோதனையில் வெடிமருந்துத் தடயம் காட்டிவிடும் என்று அங்கேயே விட்டுவிட்டு, படம் மட்டும் எடுத்து வைத்தேன். படத்தில் உறை நெடுக்கே கிழியவில்லை. களிமண் நாசில் இருக்கிறது. மேல் முனையில் ஒன்றுமில்லை. நாசில் துளைக்குள் பார்த்தால் மறுபக்கம் வானம் தெரிகிறது. உடற்குழலின் மேல்பாதி உள்ளே கருகிச் சற்று உப்பியிருக்கிறது. மோட்டார் தாங்கி இருந்த இடத்திலேயே இருக்கிறது. மோட்டாரைப் பிடிக்கும் கம்பிக் கொக்கியும் அப்படியே. மூன்று இறக்கைகளும் அப்படியே. இந்தப் படத்தை அன்றைக்கு நானே எடுத்தேன். இத்தனை நாள் அதை ஒழுங்காகப் பார்க்கவில்லை.

கடைசிக் கேள்விக்குப் பதில்: ஏப்ரலில் வாங்கினேன். மூன்று மோட்டார்கள் கொண்ட ஒரு பொட்டலம். ஏவுகம்பி, பெட்டி, கருவிகள் எல்லாம் காரின் பின்பெட்டியில் நிரந்தரமாக இருந்தன. மோட்டாரும் அங்கேதான் இருந்தது. கோடையில் குழு கூடுவதில்லை. ஆகவே ஏப்ரல் முதல் நவம்பர் வரை காரில்.


பொங்கோல் பொறியாளர் எழுதியது:

அண்ணா, உங்கள் மகள் ஒட்டிய எதுவும் தோற்கவில்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. படமும் காணொளியும் சொல்வதை வரிசையாக எழுதுகிறேன், அவளிடமே படிக்கக் கொடுங்கள்.

பசை தோற்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? மோட்டார் தாங்கி கழன்று, மோட்டார் உடற்குழலுக்குள் மேலே ஓடியிருக்கும். பாராசூட்டைத் தள்ளி, மூக்குக்கூம்பையும் தள்ளி, தொடர்ந்து எரிந்துகொண்டே வெளியேறியிருக்கும். அப்போது ஓசை சீறலாக இருக்கும், வெடியாக இருக்காது. எரிந்து முடிந்த மோட்டாரும் எங்கோ தனியே கிடந்திருக்கும். இறக்கை கழன்றிருந்தால் அது வேகம் பிடித்தபின் நடக்கும், மூன்று மீட்டரில் அல்ல. உங்கள் படத்தில் தாங்கி நிற்கிறது, கொக்கி நிற்கிறது, இறக்கைகள் நிற்கின்றன. உள்ளே ஒரு வெடி நிகழ்ந்தபின்னும் நிற்கின்றன. அந்தச் சுமைக்கு யாரும் எந்த ராக்கெட்டையும் வடிவமைப்பதில்லை. அவள் ஒட்டியது அதையும் தாங்கியிருக்கிறது.

அப்படியானால் மோட்டாருக்குள் என்ன நடந்தது? இந்த வகைக் கருமருந்து மோட்டார் உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் மற்றது தானாகப் புரியும். அடியில் களிமண் நாசில். அதன்மேல் இறுக்கி அழுத்திய கருமருந்துத் திண்டு. அதன்மேல் உந்துவிசை தராமல் மெதுவாக எரியும் தாமதக் கலவை. அதற்கும் மேலே பாராசூட்டை வெளியே தள்ளும் சிறிய மருந்து, அதை மூட மெல்லிய களிமண் மூடி. சி6-5 என்று எழுதியிருந்தால் சி என்பது மொத்த விசையளவு, 6 என்பது சராசரி உந்துவிசை நியூட்டனில், 5 என்பது தாமத நொடிகள். ஒவ்வோர் எழுத்து ஏறும்போதும் மொத்த விசையளவின் உச்சவரம்பு இரட்டிக்கிறது. சிக்குப் பத்து நியூட்டன்-நொடி, டிக்கு இருபது, இக்கு நாற்பது. திண்டும் அதற்கேற்ப நீள்கிறது.

அந்தத் திண்டு சிகரெட்டைப் போல ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எரிய வேண்டும். எரியும் பரப்பு எப்போதும் அதன் வட்ட முகம் மட்டுமே. நாசில் துளை அந்தப் பரப்புக்கு ஏற்ற அளவில் இருக்கிறது. இப்போது திண்டுக்கும் காகிதச் சுவருக்கும் நடுவே முடி அளவு இடைவெளி விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தீ அந்த இடைவெளியில் ஏறித் திண்டின் பக்கம் முழுவதையும் பற்றவைக்கும். 19 மில்லிமீட்டர் விட்டமும் 60 மில்லிமீட்டர் நீளமும் உள்ள திண்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வட்ட முகம் ஏறத்தாழ 280 சதுர மில்லிமீட்டர். பக்கப் பரப்பு ஏறத்தாழ 3,600. பன்னிரண்டு மடங்குக்கு மேல். வாயு அத்தனையும் வெளியேறுவதற்கு இருப்பது அதே சிறிய நாசில் துளை. அழுத்தம் ஏறுகிறது, அழுத்தம் ஏறினால் கருமருந்து இன்னும் வேகமாக எரிகிறது, அதனால் அழுத்தம் இன்னும் ஏறுகிறது. எங்கே பலம் குறைவோ அங்கே பிய்த்துக்கொள்ளும். உங்களுடையதில் மேல்முனை பிய்த்துக்கொண்டது. காணொளியில் கூம்புக்குப் பின்னால் போன எரியும் கட்டி, அந்தத் திண்டின் மிச்சம். கொதிகலன் ஐயா உறையைப் பார்க்காமலே இதைச் சொல்லிவிட்டார்.

அரை நொடிக்குள் நடந்ததும் பொருந்துகிறது. இந்த மோட்டார்களில் திண்டின் அடியில் சிறு குழிவு விட்டிருப்பார்கள். தொடக்கத்தில் அங்கே பரப்பு கூடுதலாக எரிந்து, ராக்கெட்டைக் கம்பியிலிருந்து வேகமாகக் கிளப்பும். அழுத்தத்தின் உச்சம் அந்த முதல் அரை நொடிதான். குறையுள்ள மோட்டார் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது, இடைவெளி எப்படி விழுந்தது? தரையில் விழுந்து அடிபட்ட மோட்டாரில் திண்டு விரிசல் விடும். தயாரிக்கும்போதே எங்கோ அழுத்தம் குறைந்திருக்கலாம். ஆனால் கருமருந்து மோட்டாருக்குப் பெரிய எதிரி வெப்பமும் குளிர்ச்சியும் மாறி மாறி வருவது. காகிதமும் கருமருந்தும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் திண்டு சுவரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுபடும். மோட்டார் பெரிதாக இருந்தால் இந்தத் தொல்லையும் பெரிது. அதனால்தான் ஏ, பி மோட்டார்கள் பிழைத்துக்கொள்ளும், இ மாட்டிக்கொள்ளும். நீங்கள் இருந்த 2023 கோடையில் பீனிக்ஸில் 31 நாள் தொடர்ந்து வெப்பம் 43 பாகை செல்சியஸைத் தொட்டது அல்லது தாண்டியது. அது நிழலில் அளந்தது. வெயிலில் நின்ற காரின் பின்பெட்டி அதைவிட எவ்வளவோ சூடு. பிறகு நவம்பர் இரவுக் குளிர். இருநூறு நாளுக்கு மேல் அந்த மோட்டார் விரிந்து சுருங்கியிருக்கிறது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன் அண்ணா, மன்னியுங்கள். காரணம் ராக்கெட்டில் இல்லை. பெரும்பாலும் அது காரின் பின்பெட்டியில்தான் இருந்தது.


ஓய்வுபெற்ற கொதிகலன்காரர் எழுதியது:

நன்றாகச் சொன்னாய் தம்பி. வெப்பச் சுழற்சியால் ஒட்டு விடுவதை நாங்கள் கொதிகலன் உள்பூச்சில் பார்த்திருக்கிறோம். ஒரே சூட்டில் மாதக்கணக்கில் ஓடும் கொதிகலன் நன்றாக இருக்கும். தினமும் அணைத்து ஏற்றுவதில்தான் பூச்சு உதிரும். உன்னிடம் ஒரு கேள்வி. நீ தயார் செய்து வெடித்த இரண்டும் இதே மாதிரியா?


பொங்கோல் பொறியாளர் எழுதியது:

இல்லை ஐயா. அவை கலவை உந்துபொருள் மோட்டார்கள். அமோனியம் பெர்குளோரேட்டை ரப்பர் போன்ற பிணைப்பியில் குழைத்து வார்த்தவை. திண்டு சற்று வளைந்துகொடுக்கும், நடுவில் நீளத் துளை இருக்கும், துளையின் சுவர்தான் எரியும். அலுமினியக் கூட்டை மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். நாமே உள்ளே அடுக்கி, இரு முனையிலும் ரப்பர் வளையம் போட்டு மூட வேண்டும்.

முதல் விபத்தில், மேல்முனை வளையத்துக்கு மசகு தடவியபோது என் கையுறையிலிருந்து ஒரு நூலிழை ஒட்டியிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. அந்த இழையின் வழியே வாயு கசிந்து, கசிந்த வாயு வளையத்தை எரித்து, ஒரு நொடிக்குள் மேல்மூடியில் விரல் நுழையும் ஓட்டை. ராக்கெட் வானத்திலேயே தீப்பிடித்தது. 1986இல் சேலஞ்சர் விண்ணோடத்தில் ஏழு பேரைக் கொன்றதும் இணைப்பில் வாயுவை அடைக்காமல் விட்ட ரப்பர் வளையம்தான். அங்கே குளிரில் அது விறைத்திருந்தது. பாடப்புத்தகத்தில் படித்ததை, ஓட்டை விழுந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு புரிந்துகொண்ட நாள் அது. அந்த மூடி இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

இரண்டாவதில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்கு அதுதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. பொத்தானை அழுத்தினோம், ஒன்றும் நடக்கவில்லை. விதி என்னவென்றால், ஏவுபெட்டியின் பாதுகாப்புச் சாவியைக் கழற்றிவிட்டு 60 நொடி காத்திருந்த பிறகுதான் யாரும் அருகே போக வேண்டும். என் நண்பன் இருபது நொடியில் நடக்கத் தொடங்கிவிட்டான். பொறுப்பாளர் கத்தினார், அவன் நின்றான். அப்போது மோட்டார் 'புஸ்' என்று ஒருமுறை துப்பியது, அடங்கியது, மறுபடி துப்பியது, பிறகு முழு வேகத்தில் வெடித்துக் கிளம்பியது. பற்றவைப்பான் திண்டின் மேல்முனை வரை போகாமல் பாதியில் நின்றிருந்தது. அதை உள்ளே செலுத்தியவன் நான். அவன் நின்ற இடத்துக்கும் ஏவுமேடைக்கும் நடுவே ஆறு மீட்டர் இருந்திருக்கும்.


தெம்பனிஸ் மாணவன் எழுதியது:

வணக்கம். படிக்கப் படிக்க எனக்கும் செய்துபார்க்க ஆசையாக இருக்கிறது. மோட்டாரை இணையத்தில் வரவழைத்து இங்கே ஏவ முடியுமா? இல்லையென்றால் நாமே சிறியதாகச் செய்துகொள்ளலாமா?


ஓய்வுபெற்ற கொதிகலன்காரர் எழுதியது:

தம்பி, இரண்டும் கூடாது. வெடிபொருளை வரவழைக்கவும் வைத்திருக்கவும் இங்கே காவல்துறை உரிமம் வேண்டும். விமானத்தில் பெட்டிக்குள் வைத்தும் கொண்டுவர முடியாது. இந்தக் கண்டிப்பு சும்மா வரவில்லை. 1970 சீனப் புத்தாண்டில் பட்டாசால் ஆறு பேர் இறந்தார்கள். அதன்பின் கட்டுப்பாடு வந்தது, 1972இல் முழுத் தடை வந்தது. நான் அப்போது சிராங்கூன் சாலைக்குப் பின்புறம் குடியிருந்த பள்ளிச் சிறுவன். அந்தத் தீபாவளி ஓசையில்லாமல் வந்தது, நாங்கள் கம்பி மத்தாப்போடு நின்றோம். எங்கள் அம்மாவுக்கு மட்டும் நிம்மதி.

நாமே செய்துகொள்வது என்பதை மனத்திலிருந்தே எடுத்துவிடு. அமெரிக்காவில் 1950களில் பையன்கள் குழாயில் மருந்தை அடைத்து விரலையும் கண்ணையும் இழந்தார்கள். அதைத் தடுக்கத்தான் தொழிற்சாலை மோட்டாரே வந்தது என்று படித்திருக்கிறேன்.


பொங்கோல் பொறியாளர் எழுதியது:

ஐயா சொன்னது சரி. நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் ஊரில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல், 1954இல் மாற்றிச் செருகும் காகித மோட்டாரோடு முதல் மாதிரி ராக்கெட்டைச் செய்தார். அதை ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைனுக்கு அனுப்பினார். மருந்தைத் தொடும் வேலை தொழிற்சாலைக்கு, ராக்கெட் கட்டும் வேலை பிள்ளைகளுக்கு என்று இருவரும் பிரித்தார்கள். பொழுதுபோக்கு முழுவதும் அந்தப் பிரிவினையின்மேல் நிற்கிறது. அதை உடைக்காதே தம்பி.

இடமும் ஒரு காரணம். இ வகைக்கு ஒரு பக்கம் 300 மீட்டர் உள்ள திறந்தவெளி வேண்டும் என்கிறது அமெரிக்க தேசிய ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதி. சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா என்று பல திசையிலும் விமானத் தளம் உள்ள தீவில் அப்படி ஓர் இடத்தையும் வானத்தையும் எங்கே தேடுவது?


யீஷூன் ஆசிரியை எழுதியது:

வணக்கம் சகோதரரே. நான் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன், மாணவர்களோடு தண்ணீர் ராக்கெட் செய்கிறேன். நெருப்பு இல்லை, உரிமம் இல்லை, பள்ளித் திடல் போதும். ஆனால் விபத்து உண்டு, அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் மகளுக்கு வேண்டியது வெடிக்காத ராக்கெட் என்று நான் நினைக்கவில்லை. வெடித்தால் ஏன் என்று கேட்கும் துணிச்சல் திரும்பி வர வேண்டும்.

எங்கள் பாட்டில் ஒன்று போன ஆண்டு கிழிந்தது. வாயு நிறைந்த குளிர்பானத்தின் பாட்டில், புதியது, 4 பார் அழுத்தத்துக்கு மேல் நாங்கள் ஏற்றுவதும் இல்லை. மாணவர்கள் கிழிந்த துண்டுகளை மேசையில் அடுக்கிக் கிழிசல் எங்கே தொடங்கியது என்று தேடினார்கள். இறக்கையின் அடிப்பக்கத்தில் தொடங்கியிருந்தது. உடனடிப் பசையால் ஒட்டியிருந்தார்கள். அது அந்த பிளாஸ்டிக்கை அங்கே நொறுங்கும்படி செய்துவிட்டது. இப்போது நாடாவால் மட்டுமே கட்டுகிறோம். ஒவ்வொரு பாட்டிலையும் முதலில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதிக்கிறோம். காற்று நசுங்குவதுபோலத் தண்ணீர் நசுங்காது, ஆகவே பாட்டில் கிழிந்தாலும் சீறாது. கொதிகலன் ஐயாவுக்கு இது பழக்கமான சோதனைதான்.


ஓய்வுபெற்ற கொதிகலன்காரர் எழுதியது:

முப்பத்தெட்டு ஆண்டும் அதைத்தான் செய்தேன் அம்மா. பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததற்கு நன்றி.


பொங்கோல் பொறியாளர் எழுதியது:

அண்ணா, இன்னும் ஒன்று. அமெரிக்க தேசிய ராக்கெட் சங்கம் மோட்டார் தோல்விகளைப் பற்றிய தகவல்களைச் சேகரிக்கிறது. வெடித்த மோட்டார் ஒவ்வொன்றையும் பற்றி எழுதி அனுப்பச் சொல்கிறார்கள். ஒரே நாளில் தயாரான பலவும் வெடித்தால் அந்தத் தொகுதியில் குறை என்று தெரியவரும். அதற்கு உறையில் அச்சடித்த தேதிக் குறி வேண்டும். உங்கள் படத்தில் அது தெரிகிறதா? பழையதானாலும் அனுப்பலாம். அதை அவளே எழுதட்டும்.


உட்லண்ட்ஸ்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலை உணவுக்குப் பின் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். இந்தப் பதில்களைப் படிக்கக் கொடுப்பதற்கு முன் படத்தை மட்டும் திரையில் பெரிதாக்கிக் காட்டி, "இதில் எது உடையவில்லை என்று சொல்" என்றேன். நெடுநேரம் பார்த்தாள். "இறக்கை" என்றாள். பிறகு, "தாங்கி வளையமும் இருக்கிறது." பிறகு கொக்கி. பிறகு என்னைப் பார்த்தாள்.

அதன்பின் எல்லாவற்றையும் படித்தாள். பன்னிரண்டு மடங்குக் கணக்கைத் தாளில் தானே போட்டு 12.6 என்று திருத்தினாள். நூலிழை ஒட்டிய வளையத்தைப் பற்றி இரண்டு முறை படித்தாள். பொங்கோல் தம்பி அந்த மூடியின் படத்தை அனுப்ப முடியுமா என்று கேட்கிறாள். ஆசிரியை சொன்ன பாட்டில் கிழிசலைப் பற்றி, "பசைதான் காரணம் என்று அவர்களுக்கு எப்படி உறுதியாகத் தெரியும்? ஒட்டாத பாட்டிலையும் கிழித்துப் பார்த்தார்களா?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியை அப்படியே எழுதச் சொன்னாள்.

மோட்டாரைக் காரில் வைத்தது நான் என்று அவளிடம் சொன்னேன். ஏப்ரல் முதல் நவம்பர் வரை என்றும், நீ கட்டியது நின்றது, நான் வைத்தது கெட்டது என்றும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். "மற்ற இரண்டு மோட்டார்களை என்ன செய்தீர்கள்?" என்றாள். கிளம்பும்போது ஏவாமல் குழுவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவையும் அதே பெட்டியில், அதே கோடையில் கிடந்தவை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்றிரவே அவர்களுக்கு எழுதினேன். இன்று காலை பதில் வந்தது. இரண்டும் இன்னும் அலமாரியில் இருக்கின்றன, தண்ணீரில் ஊறவைத்து அழித்துவிடுகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள்.

படத்தில் தேதிக் குறி தெரிகிறது. அறிக்கையை அவள்தான் எழுதுகிறாள், இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து. நடந்ததை விவரிக்கும் பகுதியில் எங்கே வைத்திருந்தோம் என்ற வரி வந்ததும் கணினியை என் பக்கம் திருப்பி, "இதை நீங்கள் எழுதுங்கள் அப்பா" என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறேன்.